நயாகரா பள்ளத்தாக்கில் டிம்பர் ரேட்டில்ஸ்நேக் இன்னும் இருக்கிறதா?

நயாகரா பள்ளத்தாக்கின் கனடாப் பக்கம், சருகுக்குள் வாலை அடித்துச் சத்தமெழுப்பிய பாம்பு, வாலில் கிலுகிலுப்பை உள்ள விஷப்பாம்பான டிம்பர் ரேட்டில்ஸ்நேக்காக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். வாய்ப்பு மிகக் குறைவு. கனடாவில் அது கடைசியாக உறுதியாகப் பார்க்கப்பட்டது 1941இல், அதே பள்ளத்தாக்கில்தான். கண்ட இடத்திலெல்லாம் அடித்தே தீர்த்துவிட்டார்கள். பல வருடங்களுக்கு ஒருமுறைதான் குட்டி போடும், அதனால் மீளவே முடியவில்லை. நினைத்தாலே மனசு வலிக்கிறது.

நீங்கள் பார்த்தது விஷமில்லாத மில்க் ஸ்நேக் என்றே நினைக்கிறேன். அதுவும் மிரண்டால் வாலைப் படபடவென்று அடிக்கும். நீங்கள் எடுத்த படத்தைப் பெரிதாக்கி வால் நுனியைப் பாருங்கள். ஊசிபோல் கூர்ந்து முடிந்தால் அதுதான். நுனியில் தடித்த வளையங்கள் தெரிந்தால் மாசசாகா என்ற இன்னொரு வகை ரேட்டில்ஸ்நேக்காக இருக்கலாம். நயாகரா வட்டாரத்தில் வெயின்ஃப்ளீட் சதுப்பில் அது கொஞ்சம் பிழைத்திருக்கிறது. அப்படியானால் இடத்தைப் பொதுவில் போடாமல், படத்தோடு ஒன்ராறியோவின் இயற்கை மரபுத் தகவல் மையத்துக்கு அனுப்புங்கள்.