கடலுக்குப் போவது தப்பா?

கேள்வி: மதுரையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் 40 பேர் மண்டபம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்கு 7 நாள் முகாம் போகிறோம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் எழும்பும் ஒரு 360 சதுர அடி வீட்டுக்கு வேலை செய்து கொடுப்போம். கடைசி நாள் தனுஷ்கோடி. "ஊர் சுற்றுவதற்கு சேவை என்று ஒரு பேரா?" என்று அப்பா கோபப்படுகிறார். கடலுக்குப் போவது தப்பா? 7 நாளில் எங்களால் என்ன கட்ட முடியும்?
– ஒரு மாணவி, திருமங்கலம்

பதில்: தப்பே இல்லை அம்மா. ஒரு வாரம் செங்கல் சுமந்த பிள்ளைகள் ஒரு நாள் கடலைப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எனக்குக் கவலை அந்த வீட்டைப் பற்றித்தான்.

என் அப்பா செல்லூரில் கொத்தனாராக இருந்தவர். அப்படியிருந்தும், ஆசிரியராகி நான் நடத்திய முதல் முகாமில் ஒரு தவறு செய்தேன். பையன்கள் ஆசைப்பட்டார்கள் என்று கரண்டியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். சுவர் வயிறு தள்ளியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் 4 வரியைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். வீணானது, அந்த வீட்டு அம்மா கடன் வாங்கி இறக்கிய சிமென்ட். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் சுவரைக் கொத்தனார் எழுப்பட்டும், நீங்கள் சித்தாளாக நில்லுங்கள். செங்கல்லை நன்றாக நனைத்து வையுங்கள். வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுங்கள். கலவை சிமென்ட் 1-க்கு மணல் 6 என்றால் அளந்தே போடுங்கள். தண்ணீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். பக்கத்தில்தானே கிடக்கிறது என்று யாராவது கடற்கரை மணலை அள்ளி வந்தால் தடுங்கள். அந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், சுவரிலும் பூக்கும்.

எல்லாவற்றையும்விட, தண்ணீர் விடும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுச் சுவர் 7 நாளாவது ஈரமாக இருக்க வேண்டும். வெயிலும் கடல் காற்றும் அதைச் சட்டென்று உலர்த்திவிடும். கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிருப்பார், இதற்குத்தான் ஆள் கிடைக்காது. உங்கள் 7 நாளும் இதற்குக் கணக்காக இருக்கிறது.

40 பேரும் ஒரே நேரத்தில் நின்றால் கொத்தனார் திரும்பக்கூட இடமிருக்காது. 10 பேர் போதும். மற்றவர்கள் கழிப்பறைக் குழி தோண்டலாம், முறை மாற்றிக்கொள்ளலாம். கையுறை கட்டாயம். சிமென்ட் அரித்த கையோடு கடலில் இறங்கினால் உப்பு நெருப்பாய் எரியும்.

சரி, கடல். அங்கே வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும், தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பேரை நம்பி இறங்கிவிடாதீர்கள். வாடைக்காற்று மாதங்களில் வடக்கும் கொந்தளிக்கும். எங்கே குளிக்கலாம் என்று அந்த ஊர் மீனவர்களைக் கேளுங்கள். தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் தண்ணீரில் கால்கூட வைக்க வேண்டாம், நின்று பார்த்தாலே போதும்.

வரும் வழியில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயத்துக்குப் போங்கள். கூரை போய்விட்டது, சுவர்கள் நிற்கின்றன. பவளப்பாறைக் கல்லில் கட்டியவை. ஒரு வாரம் கலவை குழைத்த கையோடு அந்தச் சுவரைப் பார்க்கும்போது, வெறும் சுற்றுலாவாக வந்தவர் கண்ணில் படாதது உங்கள் கண்ணில் படும். திரும்பி வந்து அதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

கிளம்புகிற அன்றும் பஸ் ஏறும் முன்னால் சுவருக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுவிடுங்கள். கடைசியாகக் கட்டிய வரிகளுக்கு இன்னும் எத்தனை நாள் விட வேண்டும் என்று வீட்டு அம்மாவிடம் சொல்லி, குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.