பழைய கேம்பர் வேன், புது எஞ்சின் வேலை: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கம் பழைய வேன்ல படுக்கை, அடுப்பு வச்சு ஓட்டுறவங்க கேட்ட கேள்விகள் இது. ஒரு மெட்டடாரைத் தவிர மத்ததெல்லாம் ஃபோக்ஸ்வேகன் 1600 சிசி ஏர்கூல்டு (தண்ணி இல்லாம காத்தாலேயே ஆறுற) எஞ்சினைப் பத்தினது.

காட்பாடி: அண்ணே, கிராங்க் கிரைண்டிங், புது பேரல் பிஸ்டன் செட், புது கேம் எல்லாம் முடிஞ்சு எஞ்சினை ஏத்தியாச்சு. வெள்ளிக்கிழமை பூஜை போட்டு ஸ்டார்ட் பண்ணப் போறேன். என்னென்ன பார்க்கணும்?

பூஜையை முதல்ல முடிச்சிடுங்க தம்பி, சாவியை அப்புறம் திருப்புங்க. எஞ்சினை ஐடில்ல, அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காம, விட்டுட்டு கற்பூரம் காட்டுறது நம்ம பக்கம் வழக்கம். புதுக் கேம் போட்ட எஞ்சினுக்கு அது ஆகவே ஆகாது. வால்வைத் திறக்க வைக்கிற கேம் தண்டும், அது தள்ளுற டேப்பெட்டும் உரசிப் படியிற நேரம் அது. அந்த இடத்துக்கு ஆயில் போறது பெரும்பாலும் கிராங்க் சுத்தித் தெறிக்கிறதுலதான். ஐடில்ல அந்தத் தெறிப்பு பத்தாது. செலவு பண்ணிப் போட்ட கேம் முதல் அரை மணியிலேயே தேய ஆரம்பிச்சிடும்.

எஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போதே வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்துற ராக்கருக்கும் நடுவுல விடுற இடைவெளி) 0.15 மி.மீ. வைங்க. ஆயில் இரண்டரை லிட்டர். நாலு பிளக்கையும் கழட்டிட்டு, காயிலுக்கு வர்ற கரண்ட் வயரையும் எடுத்துடுங்க. பிறகு செல்ஃப் அடிங்க, பத்துப் பத்து செகண்டா, நடுவுல மோட்டார் ஆற விட்டு. டேஷ்போர்டுல ஆயில் லைட் அணையணும். அணையலைன்னா பிளக் மாட்டாதீங்க. பம்ப் ஆயிலை இழுக்கலைன்னு அர்த்தம். பம்ப்பைக் கழட்டி, பல்லுக்கு நடுவுல வாசலின் நிரப்பி மாட்டினா பெரும்பாலும் பிடிச்சுக்கும்.

அணைஞ்ச பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. பிடிச்ச உடனே 2,000 ஆர்பிஎம்-க்கு ஏத்தி, 20 நிமிஷம் அதுக்குக் கீழ வராம, ஒரே இடத்துல நிக்காம கொஞ்சம் ஏத்தி இறக்கி வச்சிருங்க. ஒருத்தர் ஆக்ஸிலேட்டர்ல, இன்னொருத்தர் பின்னாடி லீக் பார்த்துக்கிட்டு இருக்கணும். நடுவுல ஆயில் லைட் எரிஞ்சா யாரையும் கேட்காம உடனே ஆஃப் பண்ணுங்க.

ஆரணி: செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் வருது. ஆனா கார்பரேட்டர் வழியா டப்பு டப்புன்னு அடிக்குது, பிடிக்க மாட்டேங்குது சார்.

பிளக் வயர் மாறியிருக்கான்னு முதல்ல பாருங்க. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருக்கு ஸ்பார்க் போற வரிசை, 1-4-3-2. அம்பாசடர், ஜீப் பார்த்த கை பழக்கத்துல 1-3-4-2 மாட்டிடும். இன்னொண்ணு, இந்த வேன்ல எஞ்சின் பின்னாடி இருக்கு. பின் கதவைத் திறந்து நிக்கிறவருக்கு ஃபேன் பெல்ட் பக்கம் முன்பக்கம் மாதிரித் தெரியும். ஆனா சிலிண்டர் நம்பர் கணக்கு வண்டி போற திசையை வச்சுத்தான். வலது பக்கம் முன்னாடி இருக்கிறது 1, அதுக்குப் பின்னாடி 2. இடது பக்கம் முன்னாடி 3, பின்னாடி 4.

வயர் சரின்னா, 1-ஆம் நம்பர் கம்ப்ரஷன்ல மேல வந்து நிக்கும்போது, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள சுத்துற ரோட்டர் 1-ஆம் வயரைப் பார்க்குதான்னு பாருங்க. நேர் எதிரா நின்னா, ஒண்ணு நீங்க வச்சது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்ல, இல்லை எஞ்சின் கட்டும்போது டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவைத் திருப்பிப் போட்டிருக்காங்க.

குடியாத்தம்: புது பேட்டரி போட்டும் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுத்துது.

கியர்பாக்ஸை பாடியோட இணைக்கிற எர்த் பட்டையைச் சுத்தம் பண்ணிப் பாருங்க. அப்புறம் பெல் ஹவுசிங்ல (கிளட்சை மூடுற கூடு) செல்ஃப் மோட்டார் தண்டு உட்கார்ற சின்ன புஷ் தேஞ்சிருக்கான்னு பாருங்க. எஞ்சினை இறக்கின நேரத்துல அதை மாத்தாம விடுறவங்கதான் அதிகம்.

ராணிப்பேட்டை: நம்ம அக்னி நட்சத்திர வெயிலுக்கு ஏர்கூல்டு எஞ்சின் தாங்குமாண்ணே? எக்ஸ்ட்ரா ஆயில் கூலர் போடச் சொல்றாங்க.

தாங்கும், தகரமெல்லாம் அதது இடத்துல இருந்தா. எஞ்சினைச் சுத்தி வர்ற தகரத்தையும் ஓரத்து ரப்பரையும் நம்ம ஊர் ஷெட்டுல அலங்காரம்னு நினைச்சு ஒதுக்கி வச்சிடறாங்க. எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது. கீழ வெளியேறுற சூட்டுக் காத்து மறுபடி மேல ஃபேனுக்கு வராம தடுக்கிறதே அந்தத் தகரமும் ரப்பரும்தான். வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுற ஊர்ல, ஃபேன் சூட்டுக் காத்தையே திரும்ப இழுத்தா எந்தக் கூலரும் காப்பாத்தாது. கூலருக்கு வச்ச காசுல முதல்ல ரப்பரை வாங்குங்க.

அடுத்தது ஃபேன் பெல்ட். டைனமோவும் கூலிங் ஃபேனும் ஒரே பெல்ட்டுல ஓடுது. சார்ஜ் லைட் எரிஞ்சா பேட்டரி பிரச்சினைதானேன்னு வீடு வரைக்கும் ஓட்டிடாதீங்க. பெல்ட் அறுந்திருந்தா எஞ்சின் அங்கேயே வெந்து போகும். ஓரங்கட்டிப் பாருங்க, ஸ்பேர் பெல்ட்டும் ஸ்பேனரும் வண்டியிலேயே இருக்கட்டும்.

வாணியம்பாடி: நல்லா ஓடுது அண்ணா. நிறுத்தினா பின்னாடி பெட்ரோல் வாசனை வருது. குழந்தைங்க உள்ள தூங்குவாங்க, பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயம்தாம்மா. சரி பண்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, குழந்தைங்களையும் உள்ள படுக்க வைக்காதீங்க. பழைய துணி சுத்தின ரப்பர் ஹோஸ் இப்போ வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்காது, வெடிப்பு விடும். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்தி, ரெண்டு முனையிலயும் கிளாம்ப் போடுங்க. கார்பரேட்டர்ல பெட்ரோல் நுழையற பித்தளைக் குழாய் சும்மா அழுத்திச் செருகினது. கையால அசைச்சா ஆடக் கூடாது. இந்த எஞ்சின் கேஸ் மெக்னீசியம் கலந்தது, அதுல தீ பிடிச்சுக்கிட்டா தண்ணி ஊத்தினா இன்னும் மூர்க்கமாகும். நல்ல தீயணைப்பான் ஒண்ணு டிரைவர் சீட் பக்கத்துல, கைக்கு எட்டுற மாதிரி வைங்க.

ஆற்காடு: என்னுது டீசல் மெட்டடார் கேம்பர். இதே முறைதானா?

ஆயில் விஷயத்துல அதேதான். எஞ்சினை நிறுத்துற ஸ்டாப் பிடியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சு, ஆயில் பிரஷர் வந்த பிறகு விடுங்க. டீசல் லைன்ல ஏர் இருந்தா பிடிக்காது. ஃபில்டர்ல இருந்து வரிசையா ஏரை வெளியேத்திக்கிட்டே வாங்க.

போளூர்: கிராங்க் கேஸே மாத்திட்டோம். ஆர்டிஓ-வுக்குப் போகணுமா? எப்போ ஏலகிரி ஏறலாம்?

கேஸ் மாறினா அதுல அடிச்சிருக்கிற எஞ்சின் நம்பரும் மாறிடுச்சு, ஆர்சி-யில ஏத்தியே ஆகணும். எஞ்சின் வாங்கின பில்லைப் பத்திரமா வைங்க. இல்லைன்னா எஃப்சி-யிலயும் இன்சூரன்ஸ்லயும் மாட்டிக்குவீங்க.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. புது பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல படியறதுக்கு முன்னாடி அந்த ஏத்தம் வேண்டாம். முதல்ல ஆரணி, செய்யாறு மாதிரி சமதள ரோடு. ஒரே வேகத்துல போகாம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, டாப் கியர்ல திணற விடாதீங்க. 500 கி.மீ.-ல ஆயிலை மாத்துங்க. இதுல தனி ஆயில் ஃபில்டர் கிடையாது, வலை மட்டும்தான்; அதைக் கழட்டிக் கழுவி, என்ன துகள் ஒட்டியிருக்குன்னு பாருங்க. வால்வ் கிளியரன்ஸை மறுபடி ஜில்லுன்னு இருக்கும்போது செக் பண்ணுங்க. 1,000 கி.மீ. தாண்டின பிறகு, விடியற்காலையில ரெண்டாவது கியர்லயே ஏறுங்க.