மறதி நோயுள்ள அம்மாவை முதியோர் இல்லத்தில் இரவில் கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள். கேட்டால் “விழுந்துடுவாங்க, பாதுகாப்புக்குத்தான்” என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

என் அப்பாவையும் கட்டினார்கள். கட்டலாம் என்று கையெழுத்துப் போட்டதே நான்தான். சேர்த்த அன்று நீட்டிய ஏழெட்டுத் தாள்களில் அதுவும் ஒன்று, படிக்காமலே போட்டேன். ஒரு ஞாயிறு, சொல்லாமல் விடியற்காலையில் போனேன். பழைய வேட்டியைக் கிழித்து, அப்பாவின் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு முடிந்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. “தம்பி, ஒண்ணுக்குப் போகணும், கொஞ்சம் அவுத்து விடுங்க” என்றார்.

சரி, சட்டம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-வது பிரிவைப் பாருங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டலாம். அதற்கும் மனநல மருத்துவர் அனுமதி வேண்டும். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது சட்டப்படி அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை என்பதற்காகக் கட்டக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சங்கிலிக்கு 95-வது பிரிவில் முழுத் தடை. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் சங்கிலியில் கிடந்து 28 பேர் தீயில் இறந்ததை நம் ஊரில் மறந்திருக்க மாட்டார்கள்.

“நாங்கள் மனநல மருத்துவமனை இல்லையே” என்பார்கள். ஆனால் நினைவும் நிதானமும் மோசமாகக் குலைவதையும் அந்தச் சட்டம் மனநோய் என்றே வரையறுக்கிறது. அது பொருந்தாது என்றே வைத்துக்கொண்டாலும், ஒருவரை முறையின்றி அடைத்துவைப்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவில் குற்றம். என் கையெழுத்து அப்பாவின் சம்மதம் ஆகிவிடாது.

அப்பாவை அப்படிக் கட்டிவைத்த இரவுப் பணி ஆயாம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இரவில் இருபது பேருக்கு அவர் ஒருவர்தான்.

கட்டினால் விழ மாட்டார்கள் என்பதும் சரியில்லை. கால் தசை வலுவிழக்கும், படுக்கைப் புண் வரும், குழப்பம் கூடும். அவிழ்த்ததும் விழுவது இன்னும் சுலபம். அப்பா இரவில் எழுந்து எழுந்து அலைந்ததற்குக் காரணம் சிறுநீர்த் தொற்று. மாத்திரை கொடுத்ததும் பாதி அடங்கியது. அப்புறம் கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டோம், கழிவறை விளக்கை அணைக்காமல் விட்டோம்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதியை. காட்டவில்லை என்றால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ல் பேசுங்கள். ஒருமுறையாவது சொல்லாமல், ஆறு மணிக்குள் போய்ப் பாருங்கள். காபி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள்.