கூச்சத்துக்கு மாத்திரையா, கவுன்சலிங்கா, இரண்டுமா?

சமூகப் பதட்டத்துக்கான (பிறர் முன் பேசவோ பழகவோ வரும் கடும் பயத்துக்கான) சிகிச்சை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வயது 27. ஐ.டி. வேலை. மீட்டிங்கில் என் பெயரைக் கூப்பிட்டாலே நெஞ்சு படபடக்கும், குரல் நடுங்கும். கேமராவை அணைத்துவிட்டு, எழுதி வைத்ததை அப்படியே படித்துவிடுவேன். மனநல மருத்துவர் எஸ்ஸிடலோபிராம் 10 மி.கி. கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. படபடப்பு குறைந்திருக்கிறது. இப்போது உளவியலாளரிடமும் போகச் சொல்கிறார். மாத்திரையே கேட்கும்போது கவுன்சலிங் எதற்கு?
*– வாசகர், கோவை*

மாத்திரை கேட்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரம்தான் கவுன்சலிங்குக்குப் போகத் தோதான நேரம். எஸ்ஸிடலோபிராம், செர்ட்ரலின், பராக்ஸடின் வகை மாத்திரைகள் பயத்தின் வேகத்தைத் தணிக்கும். சமூகப் பதட்டத்தில் முழுப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். ஆனால், ‘நான் தடுமாறினால் எல்லாரும் என்னை மட்டமாக நினைப்பார்கள்’ என்ற கணிப்பு சரியா தப்பா என்பதை மாத்திரை சோதித்துச் சொல்லாது. ஒருமுறை தடுமாறிப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக, இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகிவிடும் என்று எண்ண வேண்டாம். 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஃப்ளூவாக்ஸடின் மாத்திரை, குழுவாகத் தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (பயம் தரும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றுவது), இரண்டும் சேர்த்து என்று பிரித்து 14 வாரம் பார்த்தார்கள். எல்லாமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. ஆனால் இரண்டையும் பெற்றவர்கள் ஒன்றை மட்டும் பெற்றவர்களை முந்தவில்லை. 2010-ல் வந்த இன்னோர் ஆய்வில், ஃபினல்ஸின் என்ற பழைய மருந்தோடு இதே வகைச் சிகிச்சையைச் சேர்த்தபோது இரண்டும் சேர்ந்ததுதான் ஜெயித்தது. பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு முதலில் இந்தச் சிகிச்சையை ஒருவருக்கு ஒருவராகத் தரச் சொல்கிறது. மாத்திரை மட்டும், அல்லது சிகிச்சை மட்டும் எடுத்து அரைகுறையாகக் குணமானவர்களுக்கு மற்றதையும் சேர்க்கச் சொல்கிறது. உங்கள் நிலை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே சேர்ப்பது நியாயம். எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

உளவியலாளரிடம் என்ன நடக்கும்? அடுத்த மீட்டிங்கில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்வார்: ‘குரல் நடுங்கும், இரண்டு பேராவது சிரிப்பார்கள்.’ அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்றும் கேட்பார். 90 என்று எழுதுவீர்கள். பிறகு, நீங்கள் பாதுகாப்புக்காகச் செய்யும் காரியங்களைப் பட்டியல் போடுவீர்கள்: கேமராவை அணைப்பது, வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, வேகமாகப் பேசி முடிப்பது, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பது. காப்பாற்றுவது போலத் தோன்றும் இந்தப் பழக்கங்கள்தான் பயத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. ‘எழுதி வைத்துப் படித்ததால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். உண்மையில் ஆபத்து எதுவும் இல்லை என்பது பதிவாகவே ஆகாது. ஆகவே அடுத்த மீட்டிங்கில் கேமரா ஆன், தாள் கிடையாது, ஒரே ஒரு கேள்வி. பேசும்போது கவனம் உங்கள் தொண்டையில் இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் முகத்திலும் அவர் சொல்லும் விஷயத்திலும் இருக்க வேண்டும். முடிந்ததும் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எழுத வேண்டும். இப்படிப் பேசுவதை வீடியோ எடுத்துக் காட்டுவதும் உண்டு. பார்ப்பதற்கு முன், ‘நான் எப்படித் தெரிவேன்’ என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் வெளியே தெரிவது கொஞ்சம்தான் என்பதைப் பெரும்பாலோர் அப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்கள்.

சேர்க்கை சிகிச்சை சறுக்குவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். மீட்டிங் நன்றாகப் போகும். உடனே ‘மாத்திரை போட்டதால் பேசினேன்’ என்று தோன்றும். அப்படித் தோன்றினால் மாத்திரையும் இன்னொரு பாதுகாப்புப் பழக்கமாகிவிடும். அதனால் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும், ‘இதில் நான் செய்தது என்ன’ என்று ஒரு வரி எழுதுங்கள். மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். மீட்டிங் நேரம் பார்த்து மாற்றாதீர்கள். டோஸைக் கூட்டும் முதல் இரண்டு வாரத்தில் குமட்டல், தூக்கக் குறைவு, இனம் புரியாத ஒரு பரபரப்பு வரலாம். அதைப் பதட்டம் கூடிவிட்டதாக நினைத்துச் சிகிச்சையை விடுபவர்கள் உண்டு. அந்த வாரங்களில் எளிய பயிற்சிகளோடு நிறுத்திக்கொண்டு, டோஸ் மாறிய விவரத்தை உளவியலாளரிடம் சொல்லிவிடுங்கள். மருத்துவருக்கும் அவருக்கும் ஒரே நோட்டைக் காட்டுங்கள்: தேதி, டோஸ், செய்த பயிற்சி, பதட்டம் 100-க்கு எத்தனை.

காலேஜில் பேப்பர் பிரசன்டேஷன். சீனியர் ஒருவர் ப்ரொப்ரனலால் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை) போட்டால் கை நடுங்காது என்று கொடுத்தார். போடலாமா?
*– வாசகி, மதுரை*

அடுத்தவர் கொடுத்ததைப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். மேடைப் பயம் மட்டும் இருப்பவர்களுக்கு மருத்துவர்கள் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு 10 முதல் 40 மி.கி. வரை கொடுப்பதுண்டு. அப்போதும் முதல் முறையை வீட்டில், வேலை இல்லாத நாளில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். கேன்டீனில் சாப்பிடவும் போனில் பேசவும்கூடப் பயம் என்றால் இந்த மாத்திரை போதாது.

எனக்கு 25 வயது. ஒரு வருடமாக செர்ட்ரலின் 100 மி.கி., கூடவே 14 அமர்வு சிகிச்சையும் முடித்தேன். எட்டு மாதமாக நன்றாக இருக்கிறேன். மூன்று மாதத்தில் கல்யாணம். ‘மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிவதற்குள் மாத்திரையை நிறுத்து’ என்கிறார் அம்மா.
*– வாசகி, சேலம்*

அம்மாவின் கவலை புரிகிறது. ஆனால் நாளையிலிருந்து நிறுத்துவது என்பது வேண்டவே வேண்டாம். திடீரென்று விட்டால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். நன்றாக இருந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் குறைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். உதாரணமாக, 100-லிருந்து 75, பிறகு 50, பிறகு 25 என்று ஒவ்வொரு படியிலும் சில வாரம் அதே டோஸில் வைத்துப் பார்த்து இறக்குவார்கள். ஆனால் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், புது வீடு, புது மனிதர்கள் என்று வரிசையாக வரும் மாதங்களில் இதைத் தொடங்குவது நல்ல யோசனை இல்லை. கல்யாணம் முடிந்து வாழ்க்கை ஒரு சீருக்கு வந்த பிறகு தொடங்குங்கள்.

குறைக்கும்போது சிகிச்சை மறுபடியும் தேவைப்படும். மாத்திரை இருந்தபோது செய்து காட்டிய அதே காரியங்களை ஒவ்வொரு குறைந்த டோஸிலும் திரும்பச் செய்ய வேண்டும்: புடவைக் கடையில் பத்துப் புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் வருவது, விருந்தில் முன்பின் தெரியாதவரிடம் நீங்களே பேச்சைத் தொடங்குவது. அப்போதுதான், ‘மாத்திரை இல்லாமலும் முடியும்’ என்பது மனதில் பதியும். குறைத்த சில நாளில் வரும் தலைசுற்றல் மருந்து விலகும் அறிகுறி. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய பயமும் ஒதுங்கலும் திரும்பினால் அது நோய் திரும்புவது. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் தொடர வேண்டியிருந்தால் செர்ட்ரலினைத் தேர்வு செய்யும் மருத்துவர்கள் நிறைய. கூடுமானவரை தவிர்ப்பது பராக்ஸடினைத்தான்.

19 வயது மகன் விசேஷங்களுக்கு வரவே மாட்டான். அல்பிரசோலம் (பதட்டத்தை உடனே தணிக்கும் மாத்திரை) அரை மாத்திரை போட்டால் வருகிறான். இதையே தொடரலாமா?
*– ஒரு தாய், தஞ்சாவூர்*

வேண்டாம் அம்மா. அல்பிரசோலம் அரை மணி நேரத்தில் பயத்தை அமுக்கிவிடும். அதனாலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், வரவர டோஸ் கூடும். இன்னொன்று, பயத்தோடு உட்கார்ந்து அது தானாக இறங்குவதைப் பார்த்தால்தான் மகன் எதையாவது கற்றுக்கொள்வான். மருந்து மயக்கத்தில் போய்வந்தால் ஒன்றும் பதியாது. அடிக்கடி கொடுத்து வந்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் வழியாகக் குறையுங்கள். அவர் செர்ட்ரலின் வகையைத் தொடங்கினால், 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள். நேராகவே கேளுங்கள்.

இதற்கெல்லாம் எங்கே போவது? ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமா?
*– வாசகர், விழுப்புரம்*

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரைப் பார்க்கலாம், மாத்திரை இலவசம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தனியாரிடம் சிகிச்சைக்குப் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். ‘பயத்தைச் சந்திக்கும் பயிற்சி கொடுப்பீர்களா, எத்தனை அமர்வு?’ என்றும் முதல் நாளே கேளுங்கள். வாராவாரம் வெறும் ஆறுதல் பேச்சாகவே போனால் இந்தப் பிரச்சினை அசையாது. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவர்களின் கடமை. ஆபீஸில் லீவு எடுக்கத் தரும் சான்றிதழில் நோயின் பெயரை எப்படி எழுதலாம் என்று மருத்துவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.