ஏழு சென்ட் தோட்டத்துக்கு என்ன விலை சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியை ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். பொங்கலுக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவன், இன்னும் பத்து நாள் பட்டுக்கோட்டைப் பக்கம்தான் இருப்பேன். மன்னார்குடியிலிருந்து பர்மிங்ஹாம் போய் ஏழு மாதம் ஆகிறது, உங்கள் மனைவி நர்ஸ், நீங்கள் அவருடைய விசாவில் டிப்பெண்டெண்ட் (அவரைச் சார்ந்து வந்தவர்) என்று எழுதியிருக்கிறீர்கள். புல் வெட்டப் போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா, பல வருடமாகக் காடாகக் கிடக்கும் தன் பின்தோட்டத்தை முழுக்கச் சுத்தம் செய்ய விலை கேட்டிருக்கிறார். முப்பது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், நெஞ்சளவுக்கு முள்ளுக்கொடி. 600 பவுண்டு சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

சொல்லாதீர்கள். அந்த 600 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முப்பதுக்குப் பத்து என்றால் நம் கணக்கில் ஏழு சென்ட்டும் கொஞ்சமும். ஒரு மா, அதாவது சுமார் முப்பத்துமூன்று சென்ட், அதில் கால்வாசிகூட இல்லை. வேலி (இருபது மா) கணக்கில் வயல் பார்த்து வளர்ந்தவன் கண்ணுக்கு அது ஒரு நாற்றங்கால். இரண்டு ஆள், இரண்டு நாள், முடிந்தது என்று மனசு சொல்லும். வெட்டுவதற்கு அந்தக் கணக்கு ஓரளவு சரிதான். வெட்டியதை என்ன செய்வீர்கள்?

நம் ஊரில் இந்தக் கேள்வியே வராது. கருவேலங்காட்டை வெட்ட ஆள் கூப்பிட்டால், கரிக்கும் விறகுக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்று வெட்டுபவரே நமக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார். தென்னையில் மட்டை, பாளை, பன்னாடை எதுவும் வீணாகாது. மிஞ்சினால் கொல்லையில் கொளுத்திவிடுவோம். கழிவு என்றால் ஏதோ கொஞ்சம் காசு என்றே பழகியவர்கள் நாம். இங்கிலாந்தில் கழிவு என்றால் செலவு. ஒவ்வொரு மூட்டைக்கும் நீங்கள் காசு கொடுத்தால்தான் அது உங்கள் கையைவிட்டுப் போகும்.

நம் டெல்டாவே அந்தப் பாடத்தை ஒரு தடவை படித்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது நீங்கள் ஊரில்தான் இருந்திருப்பீர்கள். நான் தகவல் கேட்டு ஓடி வந்தேன். எங்கள் தோப்பில் மரம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. மற்ற நாளில் விலை பேசி எடுத்துப் போகிறவர்கள், அப்போது சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். எல்லார் தோப்பிலும் அதே கதிதானே. நிவாரணம் அறிவித்த அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் என்றும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என்றும் தனித்தனியாகச் சொன்னது. போதாத காசுதான், அது வேறு பேச்சு. ஆனால் மரத்துக்கு ஒரு விலை, அதை அப்புறப்படுத்த ஏறக்குறைய அதே அளவு இன்னொரு விலை. இங்கிலாந்தில் தோட்ட வேலைக்கு விலை சொல்லும்போது எப்போதும் அந்தக் கணக்குதான்.

எனக்கு இது புரிய 2009-இல் ஒரு வேலை தேவைப்பட்டது. வரிசை வீடு, பின்னால் உங்களுடையதில் பாதி தோட்டம். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு 450 பவுண்டு என்றேன், இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று. ஐந்து நாள் ஆனது. பின்பக்கம் போகத் தனி வழி இல்லை. வெட்டிய ஒவ்வொரு கட்டையும் வீட்டுக் கூடம் வழியாக, கார்ப்பெட்டில் துணி விரித்து, தலையில் சுமந்து வரவேண்டியிருந்தது. முள்ளுக்குக் கீழே உடைந்த சிமெண்ட் பலகைகள், மழையில் ஊறிய மெத்தை, பெயிண்ட் டின்கள். வேனில் ஏற்றிக்கொண்டு கவுன்சில் (அங்கத்து உள்ளாட்சி) குப்பைக் கிடங்குக்குப் போனால், அது வீட்டுக்காரர்கள் தங்கள் குப்பையைக் கொண்டுவரும் இடம், தொழில் செய்கிறவர்களுக்கு இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். ஸ்கிப், அதாவது குப்பை போடும் பெரிய இரும்புத் தொட்டி, இரண்டு வாடகைக்கு எடுத்தேன், 320. உதவிக்கு வந்த நண்பருக்கு 80. வாடகை மெஷினும் எண்ணெயும் 30. ஐந்து நாள் உழைப்புக்கு என் பையில் மிஞ்சியது 20 பவுண்டு. வீட்டில் சொல்லவில்லை. 200 கிடைத்தது என்றேன்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இரண்டு ஆள், மூன்று நாள் என்று வையுங்கள். உங்கள் கூலி நாளுக்கு 160, மூன்று நாளுக்கு 480. உதவி ஆளுக்கு நாளுக்கு 110, அது 330. அவருக்கு இதைவிடக் குறைக்க நினைக்காதீர்கள்: 2025 ஏப்ரலிலேயே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 ஆகிவிட்டது, எட்டு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 98 வந்தது. பிளேடு, பெட்ரோல், முள் ஏறாத கையுறை எல்லாம் 60. ஸ்கிப் எட்டு கெஜம் என்பார்கள், ஏறக்குறைய ஆறு கன மீட்டர். பிராம்பிள் என்கிற அந்த முள்ளுக்கொடி வைக்கோல் மாதிரி, அமுக்க அமுக்க எழுந்து நிற்கும், அதனால் ஒன்று போதாது. கடைசியாக நான் எடுத்தது 280, இரண்டுக்கு 560. கூட்டினால் 1,430. கண்ணுக்குத் தெரியாததற்கு 15 சதவீதம் சேர்த்தால் 1,645 பக்கம் வரும். 600-ஐ இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1,650 என்று சொல்ல வாய் வராது, தெரியும். முதல் பெரிய வேலைக்கு என் யோசனை இதுதான்: ஸ்கிப்பை அந்த அம்மாவே தன் பெயரில் எடுக்கட்டும். நீங்கள் வெட்டி, கட்டி, அதில் நிரப்பித் தருவதாக மட்டும் பேசுங்கள். உங்கள் பங்கு 870, அதோடு 15 சதவீதம், முழுசாக 1,000 பவுண்டு. இரண்டு தொட்டி மூன்றானாலும் உங்கள் கை கடிக்காது. இன்னொரு வசதியும் இருக்கிறது. அடுத்தவர் குப்பையை வண்டியில் ஏற்றிப் போக என்விரான்மெண்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பில் வேஸ்ட் கேரியர் (குப்பை ஏற்றிச் செல்பவர்) பதிவு வேண்டும். பிறகு எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள், ஆனால் இந்த வேலைக்கு அந்தத் தலைவலி இல்லை. தொட்டியை வீட்டு வளாகத்துக்குள் இறக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரோட்டில் வைத்தால் கவுன்சில் பெர்மிட் வேண்டும்.

விலை சொல்வதற்கு முன் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே நடங்கள். நம் ஆள் தோப்பு பேசுவதற்கு முன் வரப்பைச் சுற்றி வருவாரே, அந்த மாதிரி. கம்பால் குத்திக்கொண்டே போங்கள், கல்லா மண்ணா என்று சத்தமே சொல்லும். பழைய ஷெட் இருந்தால் கூரையைப் பாருங்கள். நம் மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் அதே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்பதால் நமக்குப் பயம் வராது. அங்கே 1999-இல் முழுத் தடை வந்தது. அதற்கு முந்தைய ஷெட் என்றால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், விலையில் சேர்க்காதீர்கள். இன்னொன்று ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி. இந்த மாதத்தில் இலை இருக்காது, பழுப்பாக, கணுக்கணுவாக, உள்ளே வெற்றாக மூங்கில் குச்சிபோல் நிற்கும். ஒரு துண்டு வேர் போதும், மறுபடி முளைத்துவிடும், சாதாரணக் குப்பையோடு போடவும் கூடாது. அதைக் கண்டால் அதற்கென்று இருப்பவர்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். பெரிய மரத்தை வெட்டச் சொன்னால் முதலில் கவுன்சிலில் கேட்கவேண்டும், அந்த மரத்தை வெட்டக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு இருக்கலாம்.

வேலையை பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், கூடு இருக்கும் புதரைக் கலைப்பது 1981-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். குளிர்காலத்தில் இலை குறைவு என்பதும் லாபம்தான். ஆனால் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், எட்டு மணி நேர வேலை ஏழுகூட ஆகாது. நான் போட்ட 15 சதவீதத்தில் பாதி அதற்கே போகும்.

பேசியதை எழுதிக் கொடுங்கள். கொட்டேஷன் என்றால் சொன்ன விலைதான், எஸ்டிமேட் என்றால் உத்தேசம். எந்த வார்த்தையை எழுதுகிறோம் என்று பார்த்து எழுதவேண்டும். "முள், செடி, கொடி மட்டும். கல், இரும்பு, ஷெட் இருந்தால் தனி விலை" என்று ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் 2009-இல் மெத்தை சுமந்திருக்கமாட்டேன். உதவி ஆள் உங்கள் வேலையாளாக வந்தால் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வேலையாளுக்கு அடிபட்டால் ஈடுகட்டுவது) சட்டப்படி கட்டாயம். அவரும் தனித்தொழில் செய்பவராக இருந்து, தன் கருவியோடு வந்து தனக்கென்று பில் கொடுத்தால் விஷயம் வேறு. பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் (வெளியாருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஈடுகட்டுவது) சட்டத்தில் கட்டாயம் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு கண்ணாடியில் ஒரு கல் தெறித்தால் போதும். எடுத்துவிடுங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: வருடத்தில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால் எச்எம்ஆர்சி என்ற அங்கத்து வரித்துறையில் பதிவு செய்யவேண்டும், ஏப்ரல் 5-இல் முடியும் வருடத்துக்கு அக்டோபர் 5 கடைசி நாள். இந்த ஒரு வேலையும் பழைய புல்வெட்டும் சேர்ந்தாலே தாண்டிவிடும். உங்கள் விசாவில் தனித்தொழில் செய்யத் தடை இல்லை. கூடத் தங்கியிருக்கும் பையன் மாணவர் விசாவில் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, அவனை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். மாணவர் விசாவில் தனித்தொழில் கூடாது, மாட்டினால் அவன் படிப்பே போய்விடும். அப்புறம், நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும். உங்களுக்கு ஐந்து மாதம் மீதி. வேன் வாங்கும் யோசனை இருந்தால் இப்போதே தியரி டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். வீட்டுப் பக்கத்தில் பின்தோட்டத்துக்குப் போகும் சந்து இருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர் அகலம்? தள்ளுவண்டி நுழையாது என்றால் மேலே போட்ட மூன்று நாளை நான்காக்கி, 1,000-ஐ 1,300 என்று சொல்லுங்கள். அளந்து எழுதுங்கள், அதற்கு முன் அந்த அம்மாவிடம் எந்த எண்ணும் சொல்லவேண்டாம்.