ஸ்வீடனின் உப்சாலாவுக்கு வரும் தம்பிக்கு

மூளை ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்து செய்யும் வேலைக்கு இங்கே வருமுன், குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, கதிரியக்கம் ஆபத்தா, குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறாய் தம்பி. குக்கரைக் கொண்டுவா. குளிர் பழகிவிடும். வாடகை ஆளுக்கொரு கணக்கு. ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று சொன்னபடி வேலை செய்தால் கதிரியக்கத்துக்குப் பயப்பட வேண்டாம்.

நீ கேட்காததைச் சொல்கிறேன். வரப்போவது சம்பளமா, ஸ்டைபெண்ட் என்ற உதவித்தொகையா? எழுத்தில் வாங்கு. ஸ்டைபெண்டுக்கு வரியில்லை என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். ஓய்வூதியக் கணக்கில் அதனால் ஒரு குரோனாகூடச் சேராது என்று என்னைக் கூப்பிட்ட இடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது ஆராய்ச்சித் தலைப்பு. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை ஸ்கேனில் பார்க்கப் பாதை போட்டாயிற்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கிளங்க், மதிஸ் என்ற இரு விஞ்ஞானிகள் தயோஃபிளேவின் சாயத்தைத் திருத்திச் செய்த 'பிப்' டிரேசரை, அதாவது அமிலாய்டில் ஒட்டி ஸ்கேனில் அதைக் காட்டும் கதிரியக்க மருந்தை, மனிதருக்கு முதலில் செலுத்திப் பார்த்ததே இந்த ஊரில்தான், 2002-இல். உனக்குத் தருவதாகச் சொல்வது பார்க்கின்சன் என்ற நடுக்க நோயில் சேரும் ஆல்ஃபா-சைனூக்ளின் புரதம். அது மூளையில் இருப்பதே கொஞ்சம், அதுவும் செல்லுக்குள். அந்தப் புரதத்தின் மடிப்பும் அமிலாய்டு மாதிரியே என்பதால் நீ செய்யும் மூலக்கூறு அமிலாய்டிலும் போய் ஒட்டும். இப்படித்தான், அல்சைமரில் சேரும் இன்னொரு புரதமான டாவுக்கென்று ஜப்பானில் செய்த டிஎச்கே-5351 டிரேசர், மூளையிலுள்ள எம்ஏஓ-பி என்ற நொதியிலும் ஒட்டிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் சைனூக்ளினை மட்டும் நம்பி இறங்காதே. பக்கத்திலேயே ஓர் அமிலாய்டு வேலையும் கேட்டு வாங்கு.

ஸ்டாக்ஹோமின் கிஸ்டாவில் ஐ.டி. வேலை பார்க்கும் நம்மாட்கள், நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். அவர்களுக்குச் சரி. நமக்குக் கடிகாரமே மருந்தில் சேர்க்கும் கதிரியக்கக் கார்பன்-11தான், 20 நிமிடத்தில் அதில் பாதி சிதைந்து போய்விடும். ஊரில் ராத்திரி முழுக்கக் கொதிக்கும்படி ரிஃப்ளக்ஸ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போன கை இது. இங்கே வந்த புதிதில், ஸ்கேனர் அறையிலிருந்து நர்ஸ் போனில் ஸ்வீடிஷில் கேட்பார். நோயாளி படுத்தாயிற்று, மருந்து எங்கே என்று அர்த்தம். தூய்மைச் சோதனையில் அன்றைய தயாரிப்பு தேறாது. மனைவியைக் கூட்டிவந்த ஒரு பெரியவரைத் திருப்பியனுப்பியபோது அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். பதில் சொல்ல எனக்கு ஸ்வீடிஷ் வரவில்லை. அந்த வாரமே மாலை வகுப்பில் ஸ்வீடிஷ் சேர்ந்தேன். இன்று அந்த போனை முதலில் எடுப்பவன் நான்தான். பத்து வருஷமாக இங்கிலீஷிலேயே ஓட்டும் நம்மவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

கார்பன்-11 செய்யும் சைக்ளோட்ரான் இயந்திரம் விடியுமுன்பே ஓட ஆரம்பித்துவிடும், அந்நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. பழைய சைக்கிள் ஒன்று பிடித்து, பனிக்கு ஆணி டயர் போட்டுக்கொள். அக்டோபரிலேயே வாங்கு, அப்புறம் கடையில் இருக்காது.