கோடை விடுமுறையில் ரோபோட்டிக்ஸ்: கேட்டதும் சொன்னதும்

முழுப்பரீட்சை முடிந்தால் போதும், நெல்லை வண்ணார்பேட்டையில் தொடங்கித் தென்காசி வரைக்கும் ரோபோட்டிக்ஸ் வகுப்பு விளம்பரம்தான். பாளையங்கோட்டையில் விடுமுறைதோறும் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து வருவதால் ஆளாளுக்கு என்னிடம் கேட்கிறார்கள். பலருக்கும் உதவும் என்று தோன்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மகாராஜநகரிலிருந்து ஒரு தாய்: அண்ணாச்சி, மகனுக்கு 6 வயசு. குட்டிப் பிள்ளைகளுக்கான ரோபோட்டிக்ஸ் என்று ஒரு இடத்தில் கூப்பிடுகிறார்கள். சேர்க்கலாமா?

இந்த வயதில் அவசரமே இல்லை தங்கச்சி. இரண்டு பென்சில் செல், ஒரு டார்ச் பல்பு, இரண்டு துண்டு வயர் கொடுத்துப் பல்பை எரியவைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு சுவிட்ச் செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடிவிடும். கணினிப் பக்கம் பழக்க வேண்டும் என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற புரோகிராம் பழக்கும் செயலி இருக்கிறது. 5 முதல் 7 வயதுக்காகவே செய்தது, இலவசம். மோட்டார், சென்சார் (சுற்றிலும் இருப்பதை உணரும் கருவி) எல்லாம் 9, 10 வயதில் தொடங்கினாலும் தாமதமில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொம்மைகளில் காசு மாதிரி வட்டமாக வரும் பட்டன் செல் சின்னப் பிள்ளை கையில் கிடைக்கவே கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பணகுடியிலிருந்து ஒரு மாணவன்: சார், ரோபோ என்றால் மனுசன் மாதிரி கை கால் இருக்கணுமா?

வேண்டாம் தம்பி. உங்கள் ஊர்க் காற்றாலையை நிமிர்ந்து பார். உச்சியில், பெட்டியின் பின்பக்கம், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு கருவி இருக்கும். அது சொல்வதை உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கி, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முடிவெடுக்கும். பிறகு மோட்டார்கள் அந்தப் பெரிய தலையையே காற்றுக்கு நேராகத் திருப்பிவிடும். காற்று அளவுக்கு மீறி அடித்தால் தானே நிறுத்திக்கொள்ளும். உணர்வது, முடிவெடுப்பது, செய்வது என்று மூன்றும் அதில் இருக்கிறதா? நீ செய்யப்போகும் சின்னக் காரிலும் அதே மூன்றுதான்.

தென்காசியிலிருந்து ஒரு தகப்பனார்: போன வருசம் மகளை ஒரு வகுப்பில் சேர்த்தோம். கடைசி நாளில் அழகான கார் ஒன்றும் சான்றிதழும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வயர் கழன்றதும் எங்கே மாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வருசம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

இந்தக் குறையைத்தான் அதிகம் பேர் சொல்கிறார்கள். அது பிள்ளையின் குறை கிடையாது. ஓடாத வண்டியை மாஸ்டரே வாங்கிச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டால் அவள் எதைக் கற்பாள்? கற்கும் இடமே அந்த ஓடாத வண்டிதான். பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, வயர் சரியான துளையில் இருக்கிறதா, மோட்டாரை நேரே செல்லில் தொட்டால் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கோளாறை அவளே பிடிக்க வேண்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் பயமே போய்விடும்.

அதனால் பணம் கட்டுமுன் ஒரு மணி நேரம் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு கிட்டுக்கு (பாகங்கள் உள்ள பெட்டிக்கு) எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். இருவர் என்றால் நல்லது. ஐந்து பேர் என்றால் ஒருவன் செய்வான், நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மேசையில் வோல்ட்டேஜ், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருக்கிறதா, அதைப் பிள்ளைகள் தொடுகிறார்களா என்றும் கவனியுங்கள். செய்த வண்டியைக் கழற்றி மறுபடி மாட்டவைப்பார்களா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பதில் திருப்தியாக இருந்தால் சேருங்கள். சான்றிதழைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் ஒரு தாய்: மகன் ஏழாவது. பத்தாயிரம் கேட்கிறார்கள். குழுவில் கடன் எடுத்துச் சேர்த்துவிடட்டுமா அண்ணாச்சி?

கடன் வாங்க வேண்டாம் அக்கா. இதைத் தயங்காமல் சொல்கிறேன். பத்தாயிரத்தில் பெரும்பகுதி இடத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. ஒரு கார் ரோபோவுக்கான பாகங்களை உதிரியாக வாங்கினால் ஆயிரத்து ஐநூறுக்குள் அடங்கும். அதுகூட முதல் மாதம் தேவையில்லை.

டிவி மெக்கானிக் கடையில் கெட்டுப்போன டிவிடி பிளேயர் ஒன்று கேட்டு வாங்குங்கள். கரண்டில் மாட்டாமல், ஸ்குரூவைக் கழற்றித் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே பவர் சப்ளைப் பலகை ஒன்று இருக்கும், அதன்மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. தட்டை வெளியே தள்ளும் இடத்தில் கட்டைவிரல் பருமனுக்குச் சின்ன மோட்டார், அதை ஒட்டி ஒரு ரப்பர் வளையம், இரண்டு மூன்று பல்சக்கரம். மோட்டாரின் இரண்டு காலிலும் வயரைச் சுற்றி இரண்டு பென்சில் செல்லில் தொட்டால் சுற்றும். வயரை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டார் வேகமாகச் சுற்ற, கடைசிச் சக்கரம் மெதுவாகத் திரும்புவதை விரலால் தடுத்துப் பார்க்கட்டும். மோட்டாரின் தண்டை விரலால் எளிதில் நிறுத்தலாம், கடைசிச் சக்கரத்தை நிறுத்துவது கஷ்டம். வேகம் குறைந்தால் பலம் கூடும் என்று அவன் விரலுக்கே தெரிந்துவிடும்.

புரோகிராம் பழக, மைக்ரோபிட் என்ற குட்டிக் கணினி அட்டைக்கான மேக்கோட் இணையதளத்தைப் போனிலேயே திறக்கலாம். அட்டையை வாங்காமலே திரையில் ஓட்டிப் பார்க்கலாம். கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். விடுமுறைப் பயிற்சி உண்டா என்று அங்கேயே கேட்டுவிடலாம். பக்கத்தில் அடல் டிங்கரிங் லேப் (பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும் கூடம்) உள்ள பள்ளி இருந்தால் அதையும் விசாரியுங்கள். மத்திய அரசின் நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கானது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: ஆர்டுயினோ கார் செய்தான் பையன். புது 9 வோல்ட் பேட்டரி போட்டும் மோட்டார் முக்குகிறது, நகரவில்லை.

பேட்டரிதான் காரணம். (ஆர்டுயினோ என்பது வண்டிக்கு மூளையாக இருக்கும் குட்டிக் கணினி அட்டை.) அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே 1.5 வோல்ட்டில் ஆறு குட்டிச் செல்கள் அடுக்கியிருக்கும். மல்டிமீட்டர் போலக் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும் சாமானுக்கு அது போதும். மோட்டார் கிளம்பும்போது கேட்கும் கரண்டை அதனால் கொடுக்க முடியாது. வோல்ட்டேஜ் சடாரென்று இறங்கும், ஆர்டுயினோவும் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பையன் புரோகிராமில் தப்பு என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருப்பான். அந்தக் குட்டிச் செல்களுக்குப் பதில் ஆறு பென்சில் செல் கொள்ளும் ஹோல்டர் வாங்குங்கள். ஆர்டுயினோ சொல்வதைக் கேட்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் டிரைவர் அட்டையே ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடும், அதனால் நாலு செல் பற்றாது.

மோட்டாரை நேரே ஆர்டுயினோவின் பின்னில் (வயர் மாட்டும் துளையில்) மட்டும் மாட்டிவிடக் கூடாது. ஒரு பின் 20 மில்லியாம்ப் அளவுக்குத்தான் நிம்மதியாகக் கொடுக்கும். மோட்டாருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அட்டை போய்விடும்.

பழைய லேப்டாப்பில் கழற்றிய லித்தியம் செல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். வயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அதைப் பூட்டிய காருக்குள் வைப்பது இன்னும் ஆபத்து.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாத்தா: பேரனின் வண்டி கறுப்புக் கோட்டைப் பார்த்துப் போகும். தார்சாவில் (முன்கூடத்தில்) நன்றாகப் போகிறது, முற்றத்தில் விட்டால் கண்டபடி ஓடுகிறது.

வெயில்தான் ஐயா. அந்த சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரைக்கு அனுப்பும். வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிவிடும். அதை வைத்துத்தான் கோடு எது, தரை எது என்று பிரிக்கிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம். முற்றத்தில் எங்கும் அது நிறைந்திருப்பதால் கறுப்பும் அதற்கு வெள்ளையாகத்தான் படும். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் சின்னப் பாவாடை மாதிரி ஒட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் சரியாகும். சென்சார் பலகையில் உள்ள சின்ன நீலப் பெட்டியின் ஸ்குரூவைத் திருப்பினால் உணர்திறன் மாறும். விளையாடுவது நிழலிலேயே இருக்கட்டும், பேரனுக்கும் அதுதான் நல்லது.

சங்கரன்கோவில் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை: தமிழ்வழிப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் இருக்கும் புரோகிராமைப் பார்த்ததும் மிரளுகிறார்கள் சார்.

முதலில் கணினியைத் திறக்காதீர்கள் டீச்சர். 'முன்னால் சுவர் இருந்தால் நில், இல்லாவிட்டால் போ' என்று நோட்டில் தமிழில் எழுதவையுங்கள். ஒரு பிள்ளை ரோபோவாக நிற்கட்டும், இன்னொரு பிள்ளை அதை வாசித்து நடத்தட்டும். எழுதியதில் ஓட்டை இருந்தால் வகுப்பே கத்திச் சொல்லிவிடும். அதன்பிறகு வரும் ஆங்கிலச் சொற்கள் இருபது முப்பதுதான். அவர்கள் எழுதிய தமிழ் வரிக்கு எதிரே எழுதிப்போட்டால் சீக்கிரம் பழகும்.

காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரை எதிரொலிப் பாடத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்று படித்திருப்பார்கள். போய்த் திரும்பும் நேரத்தை இரண்டால் வகுக்க மறந்தவர்களுக்கு ஒரு மீட்டரில் உள்ள சுவர் இரண்டு மீட்டர் என்று காட்டும். ஸ்கேலை எடுத்து அளந்து, ஏன் இரட்டிப்பு என்று அவர்களே சண்டைபோட்டுக் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

நாங்குநேரியிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி: அண்ணா, என் கார் நேராப் போகச் சொன்னால் இடது பக்கமே ஒதுங்குகிறது. ரெண்டு மோட்டாரும் ஒரே மாடல்தான்.

ஒரே மாடல் என்றாலும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதும்மா. இடது பக்கம் ஒதுங்குகிறது என்றால் இடது மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. முதலில் அந்தச் சக்கரத்தின் அச்சில் முடியோ நூலோ சுற்றியிருக்கிறதா, சக்கரம் சட்டத்தில் உரசுகிறதா என்று பார். இல்லையென்றால் வலது மோட்டாரின் வேகத்தைக் குறை. புரோகிராமில் வேகம் 0 முதல் 255 வரை. இரண்டுக்கும் 200 கொடுத்திருந்தால் வலதை 190 ஆக்கி, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அதன்மேல் ஓட்டு. இன்னும் ஒதுங்கினால் 185. செல் தீரத் தீர இந்த எண்ணும் மாறும், அதனால் புதுச் செல்லில் ஒருமுறையும் நாலு நாள் கழித்து ஒருமுறையும் பார்த்து நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.